ஐந்தில் ஒரு பப்பாளி

மார்ச் 3

கடுகுக்கு,

என் பேரனின் பிறந்த நாளன்று பாதிச் சாப்பாட்டில் எழுந்து, கை கழுவிக்கொண்டே நீ என்னிடம் கேட்ட கேள்வி நினைவிருக்கிறதா? “உன் வாழ்க்கையில ஒரு பழமாவது உன் கையில அழுகிப் போயிருக்கா?” பன்னிரண்டு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் பதில் சொல்வதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாய். ஐந்து மாதம் ஆகிறது. போன் செய்தால் எடுக்கிறாய், என் குரலைக் கேட்டதும் வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைத்துவிட முடியாது, பிரித்துத்தான் ஆக வேண்டும். அதனால் எழுதுகிறேன்.

உன் கேள்விக்குப் பதில்: இல்லை, அழுகியதில்லை. தேவைக்கு மேல் வாங்காதவள் வீட்டில் எதுவும் அழுகாது.

உன் வீட்டுக்காரர் நேற்று என்னிடம் பேசினார். அவரைத் திட்டாதே. பேருந்து நிறுத்தம் தள்ளிப் போனதிலிருந்து உங்கள் பழக்கடையில் பாதிக் கூட்டம்கூட இல்லையாம். மாணவியர் விடுதிக்கு வருடம் முழுவதும் பப்பாளி போடும் வேலை கிடைத்தால் கடை நிற்கும், இல்லையென்றால் மூட வேண்டியதுதான் என்றார். விலையை இருபதாம் தேதிக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும், கொடுத்த விலையை வருடம் முழுவதும் ஏற்ற முடியாது என்றும் சொன்னார். நீ இருபத்தெட்டு என்று எழுதப் போகிறாய் என்றும் சொன்னார். எப்படி வந்தது இருபத்தெட்டு என்று கேட்டேன். “வாங்குறது இருபதுக்கு டீச்சரக்கா. அஞ்சில ஒண்ணு அழுகும். அதுக்கு நாலு. லாபத்துக்கு நாலு” என்றார். கேட்டதும் எனக்குத் தலை சுற்றியது.

ஐந்து பேர் சேர்ந்து ஒரு வேன் பிடித்து ஊர் சுற்றப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள். ஆளுக்கு நூறு, மொத்தம் ஐந்நூறு. வழியில் டீ குடிக்க இறங்கியபோது ஒருவன் நழுவிவிட்டான். மீதி நான்கு பேர் ஆளுக்கு எவ்வளவு கூடுதலாகக் கொடுக்க வேண்டும்? நீ இருபது என்பாய். ஓடிப்போனவன் ஐந்தில் ஒரு பங்கு, நூறில் ஐந்தில் ஒரு பங்கு இருபது, முடிந்தது. ஆனால் வேன்காரன் நானூற்று எண்பதை வாங்கிக்கொண்டு போவானா? ஆளுக்கு இருபத்தைந்து கொடுத்தால்தான் அவன் விடுவான். போனது ஐந்தில் ஒன்று, ஏற்ற வேண்டியது நான்கில் ஒன்று. ஏனென்றால் சுமப்பவர்கள் நான்கு பேர்தான்.

உன் பப்பாளியும் அப்படித்தான். நூறு கிலோ இரண்டாயிரம். லாபம் நானூறு வேண்டும். இரண்டாயிரத்து நானூறை, விற்கப் போகிற எண்பது கிலோவால் வகு. கிலோ முப்பது வரும். உன் இருபத்தெட்டுக்கு விற்றால் கையில் நிற்பது இருநூற்று நாற்பது. வண்டிச் செலவும் கடை வாடகையும் மட்டும் நூறு கிலோவுக்கு முன்னூறு ஆகிறதாமே. ஒரு வருடம் முழுவதும் கைக்காசைப் போட்டு அந்தப் பிள்ளைகளுக்குப் பழம் ஊட்டப் போகிறாயா?

ஆறாம் வகுப்புக் கணக்கு இது. முப்பது என்று எழுது.

அக்கா


மார்ச் 9

டீச்சர் அவர்களுக்கு,

தாங்கள் அன்புடன் அனுப்பிய பாடம் கிடைத்தது. பழம் இறக்கும் இடத்தில் நின்றுகொண்டே படித்தேன். எங்களைப் போன்ற மக்குகளுக்காக வேனெல்லாம் பிடித்து, டீயெல்லாம் வாங்கிக் கொடுத்து விளக்கியிருக்கிறீர்கள். நன்றி.

அன்று பந்தியில் நான் ஏன் எழுந்தேன் என்பதை மட்டும் சௌகரியமாக விட்டுவிட்டீர்கள். உங்கள் சம்பந்தி வீட்டார் முன்னால், “என் தங்கச்சிக்குக் கூட்டல் மட்டும்தான் வரும். வகுத்தல் வந்த வருஷம் ஸ்கூலை விட்டு நின்னுட்டா” என்று சொல்லிச் சிரித்தீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். ஏன் நின்றேன் என்று ஒருவரும் கேட்கவில்லை, நீங்களும் சொல்லவில்லை. அம்மா படுக்கையில். நீங்கள் டீச்சர் டிரெய்னிங்கில். யார் உலை வைத்தது?

போகட்டும். மரியாதை போதும், கை வலிக்கிறது. நீ என்றே எழுதுகிறேன்.

உனக்கு அழுகல் என்றால் குப்பை. எனக்கு அழுகல் என்றால் ஜூஸ் கடைக்காரர். அழுகுகிற இருபது கிலோவில் ஒரு பத்துக் கிலோவைப் பொறுக்கி அவர் கிலோ பத்துக்கு எடுப்பார். அந்தப் பத்து உன் கணக்கில் எங்கே இருக்கிறது? அது இல்லாமலா நான் பதினொரு வருடம் கடையில் நிற்கிறேன்?

அப்புறம், அழுகல் என்பது உன் புத்தகத்தில் இருப்பதுபோல் ஒரே நாளில், ஒரே வரியில் நடந்து முடிகிற விஷயம் இல்லை. வண்டியிலிருந்து இறக்கும்போதே நூறில் ஐந்து அடிபட்டிருகும். மீதிப் பதினைந்தும் பலகையில் உட்கார்ந்து, வருகிறவர் போகிறவர் எல்லோரும் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்து, இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் ஒவ்வொன்றாகப் போகும். அமுக்கிப் பார்த்துவிட்டு வாங்காமல் போகிறவர்களில் பாதிப் பேர் படித்தவர்கள். உன்னைப் போலவே கண்ணாடி போட்டிருப்பார்கள்.

நான் இருபத்தெட்டுதான் எழுதுவேன். எதிர்க்கடைக்காரன் என்ன எழுதுகிறானோ தெரியாது. முப்பது என்று எழுதி அவனுக்கு மாலை போட நான் தயாரில்லை.

பேரனைக் கேட்டதாகச் சொல்.

தங்கை


மார்ச் 13

கடுகுக்கு,

உன் கடிதத்தை இத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன். கோபப்படாதே, கிழித்துப் போட மனம் வரவில்லை. திருத்தியிருக்கிறேன்.

மொழியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். நன்றாகவே எழுதுகிறாய். ஒரே ஓர் இடத்தில் ‘க்’ விட்டுப்போயிருக்கிறது, அங்கே சிவப்பில் வட்டம் போட்டிருக்கிறேன். மொழிக்கு ஒன்பது மதிப்பெண். கணக்குக்கு நான்கு. அந்த நான்கும் ஜூஸ் கடைக்காரருக்காக. அவரை நான் மறந்தது உண்மைதான். ஆனால் அவர் கொடுக்கிற நூறைச் சேர்த்தாலும் உன் கையில் மிஞ்சுவது நாற்பது. நூறு கிலோவைத் தூக்கி இறக்கி, கத்தி விற்று, நாற்பது! ஒரு வேளை சாப்பாட்டுக்குக் காணாது.

தாளின் பின்பக்கத்தில் இரண்டாயிரத்து நானூறை எண்பதால் வகுத்துக் காட்டியிருக்கிறேன். ஒவ்வொரு படியாக, பக்கத்திலேயே விளக்கம் எழுதி. எத்தனையோ மக்குகளுக்கு இப்படிச் சொல்லிக் கொடுத்துக் கரையேற்றியிருக்கிறேன். நீ மக்கு இல்லை, பிடிவாதக்காரி. பிடிவாதத்துக்கு மருந்து என்னிடம் இல்லை.

ஒன்றை மட்டும் கவனி. விடுதிக்குச் செய்கிற தப்பும் கடையில் செய்கிற தப்பும் ஒன்றுதான். கடை விலைப் பலகையிலும் இன்றே இருபத்தெட்டை அழித்துவிட்டு முப்பது என்று எழுது. கணக்கு ஊருக்கு ஊர், கடைக்குக் கடை மாறாது.

அம்மா விஷயத்தை எழுதியிருந்தாய். அதைக் கணக்கோடு கலக்காதே.

அக்கா


மார்ச் 23

டீச்சருக்கு,

ஐம்பத்தாறு வயதில் என் கடிதத்துக்கு மார்க் வந்திருக்கிறது. இவர் அதைக் கல்லாப்பெட்டிக்கு மேல் ஒட்டலாமா என்று கேட்டார். நான் பார்த்த பார்வையில் பின்கதவு வழியாகப் போய்விட்டார்.

போனவர் சும்மா இருந்தாரா? திரும்பி வந்து ஆரம்பித்தார். “டீச்சரக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும். அவங்க படிச்சவங்க.” மூன்று நாள் காலையும் மாலையும் இதே பாட்டு. சரி, உன் மூக்கை உன் கையாலேயே உடைக்க வைக்கிறேன் என்று நீ சொன்னபடியே செய்தேன். விடுதியில் முப்பது என்று எழுதிக் கொடுத்தேன். கடைப் பலகையிலும் முப்பது போட்டேன்.

இப்போது நடந்ததைக் கேள். எதிர்க்கடையில் இருபத்தெட்டு. என் கடைக்கு வழக்கமாக வருகிற தையற்காரம்மா பலகையைப் பார்த்தார். “என்னம்மா, பப்பாளிக்குள்ள தங்கம் வச்சிருக்கியா?” என்றார். “இல்லம்மா, கணக்கு வச்சிருக்கேன்” என்றேன். அவர் சிரித்துக்கொண்டே தெருவைக் கடந்து போனார். அவருக்குப் பின்னால் தெருவே கடந்து போனது.

நான்கு நாளில் நூறு கிலோவில் விற்றது ஐம்பத்தைந்து. நாற்பத்தைந்து கிலோ அழுகிவிட்டது. ஜூஸ் கடைக்காரரும், “நான் கடை வச்சிருக்கேனா, குப்பை வண்டி வச்சிருக்கேனா?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

இனி நீ சொல்லிக் கொடுத்தபடியே போகிறேன், டீச்சர். இரண்டாயிரத்து நானூறை ஐம்பத்தைந்தால் வகுத்தால் கிட்டத்தட்ட நாற்பத்துநான்கு. பலகையில் நாற்பத்துநான்கு போடுகிறேன். இந்தத் தடவை முப்பது கிலோதான் விற்கும். அப்படியானால் விலை எண்பது. எண்பது போட்டால் வழி தெரியாமல் வந்தவர்கள் நாலு பேர் சேர்ந்து பத்துக் கிலோ வாங்குவார்கள். விலை இருநூற்று நாற்பது. இப்படியே போனால் கடைசியில் ஒரே ஒரு கிலோ மிஞ்சும். அதை இரண்டாயிரத்து நானூறுக்கு விற்றால் எனக்கு ஒரு குறையும் இல்லை. கணக்கு சரியாக வந்துவிட்டது. வாங்குவதற்கு நீ வா.

உன் புத்தகத்தில் முதலில் பழம் அழுகுகிறது, பிறகு விலை வைக்கிறார்கள். என் கடையில் நான் வைக்கிற விலையைப் பார்த்துத்தான் பழம் அழுகுகிறது. இதைச் சொல்லிக் கொடுக்க உனக்கு ஒரு டிரெய்னிங்கும் இல்லையா?

விடுதி ஸ்டோர்காரரைப் பார்த்தேன். “அம்மா, நான் சொல்லக்கூடாது. ஆனா எதிர்க்கடைக்காரர் இருபத்தேழுன்னு வாய்விட்டே சொல்லிட்டுப் போனார். ஏப்ரல் அஞ்சாம் தேதி முடிவு பண்ணுவோம். நாலாம் தேதி வரைக்கும் குறைச்சு எழுதிக் கொடுத்தா வாங்கிக்குவேன்” என்றார். இருபத்தேழுக்குக் கீழே போனால் நீ சொன்ன நஷ்டம். போகாவிட்டால் கடை இல்லை. பலகையில் மறுபடி இருபத்தெட்டு போட்டுவிட்டேன். தையற்காரம்மா இன்னும் வரவில்லை.

தங்கை


மார்ச் 28

கடுகுக்கு,

நாற்பத்தைந்து கிலோ. இரண்டு நாளாக அந்த எண்ணைத் தவிர வேறொன்றும் ஓடவில்லை.

உன் கடைசிக் கிலோவை மகனிடம் படித்துக் காட்டினேன். அவன் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. நானும் சிரித்தேன் என்று எழுத ஆசைதான். சிரிக்கவில்லை.

முப்பத்தொரு வருடம் கரும்பலகையில் எழுதினேன்: ‘ஒரு வியாபாரி நூறு கிலோ பழம் வாங்கினார். அதில் இருபது கிலோ அழுகியது.’ அந்த வியாபாரிக்கு எதிர்க்கடை இருந்ததா, அவர் எத்தனை மணிக்குக் கடை திறந்தார், அந்த இருபது கிலோ எந்த நாளில் போனது, ஒன்றையும் நான் யோசித்ததில்லை. பிள்ளைகள் கேட்டால், “கணக்குல இல்லாததைக் கேட்காதே” என்று உட்கார வைத்திருக்கிறேன். என் வியாபாரிக்குப் பெயரில்லை, மனைவி இல்லை, வாடகை இல்லை. அவனை வைத்து உன்னை எடை போட்டேன். எவ்வளவு மட்டமான தராசு!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சொல்ல வெட்கமாக இருக்கிறது. அழுகலைப் பற்றி உன் முதல் கடிதத்தில் நீ ஏதோ விவரமாக எழுதியிருந்தாய். என்ன என்று எத்தனை யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. விட்டுப்போன அந்த ‘க்’ மட்டும் கண்ணுக்குள் நிற்கிறது. பிழையைப் பார்த்தேன், வரியைப் படிக்கவில்லை. தாளையும் உன்னிடமே அனுப்பிவிட்டேன்.

அதனால் கேட்கிறேன். வேலையில் இருந்தவரை விடை தெரியாத கேள்வியை நான் யாரிடமும் கேட்டதில்லை. இதுதான் முதல் தடவை. பழம் எப்போது அழுகுகிறது? விடுதிக்குப் போகிற பழம் உன் கடையில் எத்தனை நேரம் இருக்கும்?

வகுக்கத் தெரியும் எனக்கு. எதை எதால் வகுப்பது என்று உனக்குத்தான் தெரியும்.

பந்தியில் நான் சொன்னது கேவலமான பேச்சு. அம்மாவுக்கு உலை வைத்தது நீ. அந்தச் சோற்றைத் தின்றுவிட்டுத்தான் நான் வகுத்தல் சொல்லிக் கொடுக்கப் போனேன்.

அக்கா


ஏப்ரல் 6

அக்காவுக்கு,

உன் கடிதம் இரண்டாம் தேதி மதியம் வந்தது. படித்ததும் முதலில் எனக்கு எரிச்சல்தான் வந்தது. இத்தனை நாள் திமிராக இருந்தவள் திடீரென்று பணிந்தால் எதிராளிக்கு வேலையே இல்லாமல் போய்விடுகிறது. இன்னும் இரண்டு கடிதத்துக்கான திட்டு என்னிடம் தயாராக இருந்தது. அதுவும் அழுகிப் போயிற்று.

விடுதிக்குப் போகிற பழம் கடையில் எத்தனை நேரம் இருக்கும் என்று கேட்டிருந்தாய். இருக்கவே இருக்காது. காலை ஏழு மணிக்கு வண்டி வரும், அடிபட்டதைப் பொறுக்கி எடுத்துவிட்டு அதே வண்டியை விடுதிக்கு அனுப்பிவிடுவோம். எட்டு மணிக்குப் பழம் அவர்கள் சமையலறையில் இருக்கும். இதை எழுதுவதற்காகப் பேனாவைத் திறந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

நீ திருப்பி அனுப்பிய தாளை எடுத்துப் பார்த்தேன். சிவப்பு வட்டம் சரியாக அந்த வரியில்தான் இருந்தது. இறக்கும்போது அடிபட்டிருப்பது நூறில் ஐந்து. அவ்வளவுதான். மீதிப் பதினைந்தும் பலகையில் உட்கார்ந்து அமுக்கு வாங்கிச் சாகிற பழங்கள். விடுதிப் பழம் பலகையையே பார்க்கப் போவதில்லை, அதை யார் அமுக்குவார்கள்? நீ வகுக்க வேண்டும் என்றாய், நான் கூட்ட வேண்டும் என்றேன். ஒரு மாதம் ஒருவர் முடியை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றோம். இரண்டு பேர் கையிலும் இருந்தது கடையின் அழுகல். விடுதிக்கு அது சம்பந்தமே இல்லை. எழுதினவளும் கவனிக்கவில்லை, திருத்தினவளும் கவனிக்கவில்லை. நமக்குள் எது பெரிய மக்கு என்று பிறகு பேசிக்கொள்வோம்.

பழம் சுற்றுகிற தாளில் வகுத்தேன். இவர் போனை நீட்டி, “கால்குலேட்டர் இருக்கே, எதுக்குக் கஷ்டப்படுறே?” என்றார். “நகருங்க” என்றேன். உன் தாளின் பின்பக்கத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எண்பது இருந்த இடத்தில் தொண்ணூற்றைந்தைப் போட்டு, நீ இறங்கியபடியே படிப்படியாக இறங்கினேன். முதல் தடவை தப்பு. இரண்டாம் தடவையும் தப்பு. மூன்றாவதில் இருபத்தைந்தும் கொஞ்சமும் வந்தது. அந்தக் கொஞ்சத்தை என்ன செய்வது என்று உன் தாளில் இல்லை. உன் கணக்கில் மீதியே வராதே! அதனால் நானே முடிவு செய்து இருபத்தாறு ஆக்கிவிட்டேன்.

மறுநாள் ஸ்டோர்காரரிடம் கொடுத்தேன். அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“முப்பதுல இருந்து இருபத்தாறா? என்னம்மா, நஷ்டத்துக்கா எழுதுறீங்க? ரெண்டு மாசத்துல நின்னுட்டா என் தலை உருளும்.”

“நஷ்டம் இல்லை சார். நீங்க பழத்தை எட்டு மணிக்கு உள்ள வாங்கிக்கணும். பத்து மணி வரைக்கும் வாசல்ல வெயில்ல நிக்க வச்சா, அப்பதான் நஷ்டம்.”

“அதையும் எழுதிக் குடுங்க.”

எழுதிக் கொடுத்தேன். ‘க்’ எல்லாம் சரியாக இருந்தது.

நேற்று முடிவு சொன்னார்கள். விடுதி நமக்குத்தான். எதிர்க்கடைக்காரன் இன்று காலை தெருவைக் கடந்து வந்தான். “யக்கா, இருபத்தாறுக்கு எப்படிக் கட்டுப்படியாகுது?” என்றான். “எனக்குக் கூட்டல் மட்டும்தான் வரும் தம்பி” என்றேன். போய்விட்டான். மண்டை காயட்டும்.

நூறு கிலோவுக்கு நானூற்று எழுபது நிற்கும். வண்டிக்கும் வாடகைக்கும் முன்னூறு போனாலும் நூற்றெழுபது மிச்சம். கடை இருக்கும். ஆனால் அந்த நாற்பத்தைந்து கிலோவின் நஷ்டம் அப்படியேதான் இருக்கிறது, அதை நீயும் மறக்காதே. பந்தியில் நீ சொன்னதை நான் இன்னும் மன்னிக்கவில்லை. பாதி மன்னித்திருக்கிறேன். மீதியை அந்தச் சம்பந்தி வீட்டாரை உட்கார வைத்து, நான் ஏன் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றேன் என்று நீ உன் வாயால் சொன்ன பிறகு பார்க்கலாம்.

உனக்குக் கணக்கில் ஆறு மார்க் போட்டிருக்கிறேன். கேள்வி கேட்டதற்கு மூன்று, வகுத்தலுக்கு மூன்று. மீதி நாலு வேண்டுமென்றால் ஒரு வீட்டுப்பாடம் தருகிறேன். வேன், டீ, வியாபாரி எதுவும் வேண்டாம், பழக்காரருக்குப் பாடம் எடுக்கவும் வேண்டாம். நாளைக் காலை எட்டு மணிக்கு உன் தெருப் பழக்கடையில் ஒரு பப்பாளியைக் காட்டி விலை கேள், சாயங்காலம் ஆறு மணிக்குப் போய் அதே பப்பாளியைக் காட்டி மறுபடி விலை கேள். இரண்டு விலையும் ஏன் ஒன்றாக இல்லை என்று எனக்கு எழுது.

தங்கை